மறந்துபோவதும் தன்னை மறப்பதும்

ஐரிஸ் மர்டாக் 1970இல் வெளியிட்ட ‘தி சாவரின்ட்டி ஆஃப் குட்’ என்ற சிறிய புத்தகத்தில் ஒரு வல்லூறு வரும். தன் மதிப்புக்கு யாரோ பங்கம் செய்துவிட்டார்கள் என்று புழுங்கிக்கொண்டு ஒருவர் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். வெளியே வல்லூறு ஒன்று அந்தரத்தில் நிற்கிறது. அதைப் பார்த்த மாத்திரத்தில் புழுங்கியவர் காணாமல் போகிறார், வல்லூறு மட்டும் இருக்கிறது. பிறகு பழைய கவலைக்குத் திரும்பினால் அது ஏனோ சின்னதாகத் தெரிகிறது. எந்நேரமும் தன்னையே அசைபோடும் ‘நான்’தான் உலகத்தை நம்மிடமிருந்து மறைக்கிறது, நல்ல கலையும் நல்ல வாழ்வும் அதை விலக்குவதில் தொடங்குகின்றன என்பது மர்டாக்கின் கட்சி. முதுகலை மாணவிகளுக்கு இந்தப் பகுதியை நடத்தும்போதெல்லாம் என்னுள் இருக்கும் சைவ வீட்டுப் பெண், இது நம்ம சரக்காச்சே என்று நிமிர்ந்து உட்காருவாள்.

மர்டாக்கின் கடைசி நாவல் ‘ஜாக்சன்ஸ் டிலெமா’ 1995இல் வந்தது. 1997இல் அவருக்கு அல்சைமர் நோய் என்று உறுதியானது. 1999 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் இறந்தார். ‘நான்’ விலகினால் கலை பிறக்கும் என்று வாதாடியவரிடமிருந்து நோய் அந்த ‘நானை’க் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. கலையும் கூடவே போயிற்று. அப்படியானால் அவர் சொன்னது தப்பா?

குரூரமான கேள்விதான். ஆனால் இதைக் கேட்காமல் விட்டால் அந்த இடத்தில் இனிப்பான ஒரு பொய் வந்து உட்கார்ந்துகொள்ளும். நோயாளி குழந்தையாகிவிட்டார், பற்றெல்லாம் அறுந்து ஞானி மாதிரி ஆகிவிட்டார் என்பது அந்தப் பொய். என் தாய்மாமா விஷயத்தில் அதைப் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டேன்.

மாமா சிவகாசியில் காலண்டருக்குச் சாமி படம் போட்டவர். அச்சகங்கள் அவரிடம் வருவது பெரும்பாலும் முருகனுக்கும் லட்சுமிக்கும். போஸ்டர் கலரில் வேலை. முகத்தை ஒரே மூச்சில் முடித்துவிடுவார், நகைக்குத்தான் நாள் பிடிக்கும். “முத்துக்கு மூணு புள்ளி தாயி” என்பார் என்னிடம். அடியில் சாம்பல், அதன்மேல் சற்றே சிறிதாக வெள்ளை, ஓரத்தில் ஊசிமுனை அளவுக்குப் பளிச்சென்று ஒன்று. கண்ணாடியைக் கழற்றிவிட்டு வைப்பார்.

நோய் முற்றிய காலத்தில் அத்தையைப் பார்த்து “நீங்க யாரு, எந்தூரு?” என்று மரியாதையாக விசாரிப்பார். ஆனால் பலகையை முன்னால் வைத்துத் தூரிகையைக் கொடுத்தால் முத்து வந்துவிடும், மூன்று புள்ளியும் பிசகாமல். என்ன, முத்து நிற்காது. பதக்கத்தோடு முடிய வேண்டிய மாலை தோளேறி, கையிறங்கி, மயிலைத் தாண்டி, வானத்தில் நடந்து, தேதித் தாளை ஒட்டுவதற்கு விட்டிருக்கும் வெற்றிடத்துக்கும் வந்து சேரும். பார்க்க வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். “முருகன் உள்ள உக்காந்து போடுறான்” என்றார் அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டே. அத்தைக்கு அந்த ஆறுதல் வேண்டியிருந்தது, நான் குறுக்கே பேசவில்லை. ஆனால் விளக்கணைத்த பிறகு அந்த வீட்டில் தங்கியவர்களுக்குத் தெரியும். தூரிகையைக் கழுவ வாங்கினால் அடிப்பார். இருட்டினால் வாசலைப் பார்த்துப் பார்த்து நடுங்குவார். நான் படித்த எந்த ஞானியின் சரித்திரத்திலும் அப்படி ஒரு நடுக்கம் கிடையாது.

மர்டாக்கின் கணவர் ஜான் பெய்லி 1998இல் எழுதிய நினைவுநூலிலும் இரண்டு பக்கமும் உண்டு. டெலிடப்பீஸ் என்ற குழந்தைகள் நிகழ்ச்சியை இருவரும் சேர்ந்து பார்த்த காலைகள் இருக்கின்றன. மனைவி கணவரின் பின்னாலேயே சுற்றி ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டதும், அவர் பொறுமை இழந்து கத்தியதும் இருக்கின்றன. நம்மூர்ப் பேச்சு முதல் பக்கத்தை மட்டும் எடுத்துச் சட்டம் போட்டுவிடுகிறது.

ஓய்வுக்குப் பிறகு நான் போய்வந்த ஞாயிற்றுக்கிழமைச் சித்தாந்த வகுப்பில் இந்தச் சிக்கலுக்கு ஒரு பிடி கிடைத்தது. ஆன்மாவுக்கு மூன்று நிலைகள் என்கிறது சைவ சித்தாந்தம்: கேவலம், சகலம், சுத்தம். கேவலத்தில் ஆன்மா ஆணவ இருளோடு மட்டும் கிடக்கிறது, அறியக் கருவி எதுவும் இல்லை. சகலத்தில் மாயை கொடுத்த உடம்பும் புலனும் மனமும் சேர்கின்றன, அவற்றைக் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அறிகிறது. சுத்தத்தில் அருளைச் சேர்ந்து கருவிகளை விட்டுவிடுகிறது. மாயை தரும் இந்தக் கருவிகளை இரவில் ஏற்றிய விளக்குக்கு ஒப்பிடுவார் உமாபதி சிவம். விடிந்தபின் அது வேண்டாம், விடியும்வரை அது இல்லாமல் ஒன்றும் தெரியாது.

எனக்குச் சுருக்கென்று தைத்தது இதுதான். கேவலத்திலும் கருவி இல்லை, சுத்தத்திலும் கருவி இல்லை. வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பேச்சு இல்லை, கணக்கு இல்லை, என் வீடு என் பெண்டாட்டி என்ற பிடிப்பு இல்லை. விளக்கு அணைந்திருக்கிறது, அவ்வளவுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. விடிந்ததால் அணைத்தார்களா, காற்றடித்து அணைந்ததா என்பதை அதிலிருந்து சொல்ல முடியாது.

இன்னொன்றையும் வகுப்பு ஐயா அழுத்திச் சொன்னார். அகங்காரம் வேறு, ஆணவம் வேறு. பேச்சுவழக்கில் இரண்டையும் திமிர் என்ற ஒரே கூடையில் போட்டுவிட்டோம். சித்தாந்தத்தில் அகங்காரம் ஒரு கருவி, மனம், புத்தி, சித்தத்தோடு எண்ணப்படும் அந்தக்கரணம். ஒரு பொருள் எதிர்ப்பட்டதும் ‘இதை நான் தீர்மானிக்கிறேன்’ என்று எழுந்து நிற்பது அதன் வேலை. ஆணவமோ கருவியல்ல, ஆன்மாவை அநாதியாக மூடிய இருள். மாமாவிடமிருந்து நோய் எடுத்துக்கொண்டது எதை என்று யோசித்தேன். ‘இத்தோடு மாலை முடியட்டும்’ என்று எழுந்து நின்ற ஒன்றைத்தான். அது போனதால் இருள் குறையவில்லை, கூடியது. அந்த இரவு நடுக்கத்துக்கு இதைவிடப் பொருந்துகிற விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. மூளை மருத்துவர்கள் வேறு சொல்லில் சொல்வார்கள், அதோடு எனக்குச் சண்டையும் இல்லை.

இந்தப் பிடியை வைத்துக்கொண்டு வில்லம் டி கூனிங்கைப் பார்க்க வேண்டும். ராட்டர்டாமில் 1904இல் பிறந்து, 1926இல் கப்பலில் ஒளிந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்த ஓவியர். நிறுத்தத் தெரியாதவர் என்று வாழ்நாள் முழுக்கப் பெயர் வாங்கியவரும்கூட. ‘உமன் 1’ என்ற படத்தை 1950இல் தொடங்கி இரண்டு ஆண்டு வரைந்தார், சுரண்டினார், மறுபடி வரைந்தார், ஒருகட்டத்தில் ஆகாது என்று ஒதுக்கியும் வைத்துவிட்டார். கலை வரலாற்று அறிஞர் மேயர் ஷப்பீரோ வந்து பார்த்து ஊக்கம் சொன்ன பிறகுதான் அது திரும்பத் தாங்கியில் ஏறியது. அந்த மனிதர் 1980களில், குடியை நிறுத்திய பிறகு, ஞாபகம் நழுவத் தொடங்கிய பிறகு, லாங் ஐலண்டின் ஸ்பிரிங்ஸ் ஊரிலிருந்த பட்டறையில் 300க்கும் மேற்பட்ட பெரிய ஓவியங்களை வரைந்து தள்ளினார். வெள்ளை வெளி, அதில் சிவப்பும் நீலமுமாக வளைந்தோடும் நாடாக்கள். பழைய அடர்த்தியும் அடிதடியும் எங்கோ போய்விட்டன. உதவியாளர்கள் அவருடைய பழைய கோட்டுப்படங்களைத் திரைச்சீலைமேல் ஒளிபாய்ச்சிக் காட்ட, அதிலிருந்து அவர் தொடங்கியதும் உண்டு.

1989இல் அவர் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நீதிமன்றம் மகளிடமும் ஒரு வழக்கறிஞரிடமும் ஒப்படைத்தது. அதே ஆண்டு நவம்பரில் அவரது 1955ஆம் ஆண்டு ஓவியமான ‘இன்டர்சேஞ்ச்’ 2 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. கடைசிக்கால ஓவியங்களை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1997இல் காட்சிக்கு வைத்திருந்தபோதே, மார்ச்சில், அவர் இறந்தார். சண்டை அப்போதே வலுத்திருந்தது. இவை டி கூனிங்கின் ஓவியங்களா, அல்லது டி கூனிங்கின் கையின் ஓவியங்களா? பணம் புழங்கும் இடத்தில் இந்தக் கேள்வி சுத்தமாக இருக்காது. வைத்திருப்பவர்களுக்கு ஒரு பதில் லாபம், வாங்கத் தவறியவர்களுக்கு மற்றொரு பதில்.

நான் அவற்றை அச்சுப் பிரதியில் பார்த்தவள்தான், அந்த அளவுக்கே என் பேச்சுக்கு மதிப்பு. ஆனால் அச்சிலும் ஒன்று தெரிகிறது. 1983, 84 வாக்கில் வரைந்தவற்றில் ஒரு நாடா இன்னொன்றைத் தொடப் போய், தொடாமல் திரும்புகிறது. அந்த இடைவெளி ஒரு தீர்மானம். யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார், போதும் என்கிறார். 1987க்குப் பிந்திய சிலவற்றில் இடைவெளி அடைபடுகிறது, வண்ணம் கூச்சலிடுகிறது, கோடு போக இடம் இருப்பதாலேயே போகிறது. முன்னதில் என்ன நோய் எந்த அளவு இருந்தது என்று எனக்குக் கவலையில்லை. நினைவு கசிய ஆரம்பித்த பிறகும் ‘போதும்’ என்ற கருவி அவரிடம் வெகுநாள் வேலை செய்திருக்கிறது. நாற்பது ஐம்பது ஆண்டுகள் அவரை வதைத்த தயக்கம் மட்டும் முதலில் உதிர்ந்திருக்கிறது. அந்தச் சில ஆண்டு ஓவியங்கள் அழகானவை. அந்த அழகில் நோய்க்கும் ஒரு பங்கு இருக்கலாம், அதை ஒத்துக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. நோய் கொடுத்தது என்று மொத்தமாக எழுதிக்கொடுக்கத்தான் மாட்டேன்.

அப்படி எழுதிக்கொடுக்கத் தூண்டும் கதை ஒன்று உண்டு, ஆன் ஆடம்ஸ் என்ற கனடிய உயிரியலாளரின் கதை. 1986இல் ஆய்வுப் பணியை விட்டார், விபத்தில் அடிபட்ட மகனைப் பார்த்துக்கொள்ள. பிறகு தூரிகையைப் பிடித்தவர் விடவில்லை. 1994இல், தமது 53ஆம் வயதில், மொரிஸ் ராவெலின் ‘பொலேரோ’ இசையை ஒரு ஓவியமாக்கினார். ஒவ்வொரு தாள அளவுக்கும் நிமிர்ந்து நிற்கும் ஒரு வடிவம், ஓசை உரக்கும்போது உயரம் கூடும், சுருதிக்கேற்ப நிறம், கடைசியில் இசை சுருதி மாறும் இடத்தில் திடீரென்று ஆரஞ்சும் இளஞ்சிவப்பும். சில ஆண்டுகள் கழித்து அவருக்குப் பேச்சு தடுமாறிற்று, பிறகு நின்றே போனது. மொழியைத் தின்னும் மூளைச்சிதைவு. 2007இல் இறந்தார். மறு ஆண்டு கலிபோர்னியப் பல்கலைக்கழக மருத்துவர்கள் அவர் மூளைப் படங்களை வைத்துக் கட்டுரை எழுதினார்கள். மொழிக்குப் பொறுப்பான இடது முன்பகுதி தேய்ந்திருக்க, வலது பின்பகுதி வலுத்திருந்தது, முன்பகுதியின் கட்டுப்பாடு தளர்ந்ததால் அது விடுதலையாகியிருக்கலாம் என்றார்கள். ராவெலும் ‘பொலேரோ’வை எழுதியது 53ஆம் வயதில், 1928இல். இரண்டே மெட்டுகளை விடாமல் சுற்றவிடும் இசை அது. அவருக்கும் பின்னால் மூளைநோய் வந்தது. உடனே பலர் கணக்கை முடித்துவிட்டார்கள்: திரும்பத் திரும்ப வருவது நோயின் குரல், ‘பொலேரோ’ ஒரு அறிகுறி.

எனக்கு இதில் கோபமே வருகிறது. ‘பொலேரோ’வுக்குப் பிறகுதான் ராவெல் இரண்டு பியானோ கன்செர்ட்டோக்களை எழுதினார். ஒன்று போரில் வலக்கையை இழந்த கலைஞருக்காக இடக்கைக்கு மட்டும் எழுதியது. சுற்றிலிருந்து வெளியே வரத் தெரியாதவர் அவற்றை எழுதியிருக்க முடியாது. ‘பொலேரோ’விலும் அவர் சுருதியை எங்கே மாற்றுகிறார்? கேட்பவர் பொறுமை அறுபடும் அந்த இடத்தில். ஆன் ஆடம்ஸின் கண் அதைப் பிடித்து நிறத்தை மாற்றியது. என் மாமாவின் முத்துமாலையில் இல்லாமல் போனது துல்லியமாக இந்தத் திருப்பம். திரும்ப வருவதெல்லாம் ஒன்றல்ல. நாமாவளி பாடுகிறவரை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புகிறோமா?

ராவெலின் கடைசி ஆண்டுகள்தான் சித்தாந்தக்காரர் உட்கார்ந்து யோசிக்க வேண்டியவை. 1932 அக்டோபரில் பாரிசில் டாக்சி விபத்தில் அடிபட்டார். அதற்கு முன்பே தடுமாற்றங்கள் தெரியத் தொடங்கியிருந்தன. எந்த நோய் என்பதில் மருத்துவர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. அவரைப் பார்த்த நரம்பியலாளர் தெயோஃபில் அலழுவானின் 1948இல் எழுதிய கட்டுரைப்படி, வாசித்துக் காட்டினால் ராவெல் தம் இசையை அடையாளம் கண்டார், ஒரு சுரம் தப்பினாலும் பிடித்துவிட்டார். எழுத மட்டும் வரவில்லை, வாசிக்கவும் விரல் சொன்னதைக் கேட்கவில்லை. இசை உள்ளே இருக்கிறது, வெளியே வர வழியில்லை. 1937 டிசம்பரில் மண்டையைத் திறந்து அறுவை செய்தார்கள், 28ஆம் தேதி இறந்தார். இங்கே அறியும் கருவி பழுதில்லை, செய்யும் கருவி அறுந்தது. மாமாவுக்கு நேர்ந்ததன் தலைகீழ். மாமாவிடம் செய்யும் கை இருந்தது, செய்கிறேன் என்று அறிந்தவர் இல்லை. இருவரையும் ‘மூளைநோய் வந்த கலைஞர்கள்’ என்று ஒரே வரிசையில் உட்கார வைப்பது சௌகரியம், உண்மையில்லை.

வில்லியம் யூட்டர்மோலன் என்ற லண்டன்வாழ் அமெரிக்க ஓவியரைப் பற்றி ‘லான்செட்’ மருத்துவ இதழ் 2001இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே, கருவியைக் குறை சொல்ல உரிமையுள்ள தொழிலாளிகளும் உண்டு என்ற பொருளில் வரும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கேலி செய்கிறோமே, இவருக்குக் கூடம் நிசமாகவே கோணிவிட்டது. 1995இல் அல்சைமர் என்று தெரிந்த பிறகு தம் முகத்தையே வரைந்துகொண்டு போனார். முகம் படத்துக்குப் படம் சிதைகிறது. அவற்றை வரிசையாக மாட்டி, சரிவின் வரைபடம்போலக் காட்டுகிறார்கள். எனக்கு அதில் தெரிவது, ஒவ்வொரு முறையும் கண்ணாடிமுன் எழுந்து நின்ற அகங்காரம், சித்தாந்தம் சொல்கிற நல்ல பொருளில்.

மர்டாக்குக்குத் திரும்புகிறேன். பீட்டர் கேரர்டும் சக ஆய்வாளர்களும் 2005இல் அவருடைய முதல் நாவலையும், புக்கர் பரிசு வாங்கிய ‘தி சீ, தி சீ’யையும், கடைசி நாவலையும் எண்ணிப் பார்த்தார்கள். வாக்கிய அமைப்பு பெரிதாகக் குலையவில்லை, சொற்களஞ்சியம் சுருங்கியிருந்தது. வாக்கியம் பழக்கம், அது கையைப்போல ஓடும். குறிப்பிட்ட ஒன்றுக்குக் குறிப்பிட்ட சொல்லைத் தேடி எடுக்கத்தான் கவனம் வேண்டும். வல்லூறைப் பார்த்துக் கரைய வேண்டுமானால் அது வல்லூறு என்று தெரிய வேண்டும், வெறும் பறவை போதாது.

நம் பக்கத்தில் இதை அப்பர் எப்போதோ வரிசைப்படுத்தி வைத்துவிட்டார். அவர் பாடிய அந்தப் பெண் கடைசியில் தன்னை மறக்கிறாள், தன் பெயரையும் இழக்கிறாள். ஆனால் பாட்டு தொடங்குவது அங்கே அல்ல. முதலில் சிவன் பெயரைக் கேட்கிறாள், பிறகு அவன் எப்படிப்பட்டவன், அவன் ஊர் எது என்று ஒவ்வொன்றாக அறிகிறாள். தாயையும் தந்தையையும் விடுகிறாள். தன்னை மறப்பது வெகுநேரம் கழித்துத்தான். நோய் மறுமுனையிலிருந்து ஆரம்பிக்கிறது: முதலில் போவது ஊரும் பேரும். காரைக்கால் அம்மையார் கேட்ட வரமும் மறவாமைதான். பிறவி வேண்டாம் என்றவர், பிறந்தாலும் உன்னை மறக்கக் கூடாது என்றார். மர்டாக் தப்பாகச் சொல்லவில்லை. ‘நான்’ விலகுவது வேறொன்றைக் கெட்டியாக நினைத்திருப்பதால், பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால் அல்ல.

இத்தனையும் சொன்ன என்னை வகுப்பு ஐயா ஒரு கதையால் மடக்கினார். வில்வமரத்துக் குரங்கு ஒன்று விளையாட்டாக இலையைப் பறித்துப் போட, கீழே இருந்த சிவபெருமான் அதைப் பூசையாக ஏற்றுக்கொண்டார். குரங்கு முசுகுந்தச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது. “அறியாமப் போட்ட எலைக்கே அந்தப் பலன்னா, உங்க மாமா வச்ச முத்துக்கு இல்லியாம்மா?” பலன் இருக்கும் ஐயா, அது ஏற்றுக்கொள்கிறவரின் பெருந்தன்மை என்றேன். குரங்கு அதில் கையெழுத்துப் போடவில்லையே. ஐயா சிரித்துவிட்டு, அந்தக் குரங்குகூட மறுபிறவியிலும் குரங்கு முகம் வேண்டும் என்று கேட்டு வாங்கிய கதையை ஞாபகப்படுத்தினார். பழசை மறக்காமல் இருக்கத்தான் அப்படிக் கேட்டது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்.

கையெழுத்துப் பேச்சு சும்மா வரவில்லை. மாமா காலமான பிறகு அவர் மகன், அந்த முத்து முருகன்களில் ஒன்றை உறவுக்காரர்களுக்கெல்லாம் காலண்டராகப் போட்டுத் தர நினைத்தான். பழைய படம் ஒன்றிலிருந்து மாமாவின் கையெழுத்தை எடுத்து வலது மூலையில் ஒட்டிவிடலாம் என்றான். கூடாது என்று நான்தான் நின்றேன். படம் போடு, அப்பாவின் படம் என்று பின்னால் எழுது, கையெழுத்து மட்டும் வேண்டாம், அதை அவர் போடவில்லை என்றேன். கையெழுத்து இல்லாமலே அச்சாயிற்று. ஆனால் அவனுக்கு இன்றுவரை சமாதானமில்லை. “நல்லா இருந்த காலத்துல மட்டும் ஒவ்வொரு முத்தையும் யோசிச்சா வச்சாரு? நீங்க பாத்திருக்கீங்கள்ல அக்கா?” என்று கேட்கிறான். பார்த்திருக்கிறேன். யோசிக்காமல்தான் வைப்பார், வாய் வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும். அவனிடம் பதக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன், மாலை அங்கே வந்து நின்றதைச் சொல்கிறேன். அதெல்லாம் பார்ட்டி கேட்ட அளவுதானே என்கிறான்.